மேனேஜர் சொன்னது உண்மை

மாசாய் நகரின் அடுக்குமாடி வீடொன்றில் மதிய வெயில் சாப்பாட்டு மேசைவரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மின்விசிறி சுற்றுகிற வேகத்துக்கு அதன் இறக்கையில் ஒரு பல்லி குடும்பமே நடத்துகிறது. ரூபேந்திரனின் கைப்பேசியில் கணினித் தர்க்கத் தேர்வின் முடிவு: தோல்வி. நாளை முதல் தொழிற்சாலையில் அவன் இடத்தில் ஓர் இயந்திரக் கை நிற்கும். அவன் சீருடையை மடித்துக்கொண்டே மனைவி வாசுகி கேட்கிறாள்: “பாஸ் பண்ணா வேலை இருக்கும்னாரே மேனேஜரு. அது பொய்யாங்க?” “உண்மைதான் லா. பாஸ் பண்ணா, அப்படின்னுதான சொன்னாரு. நான்தான் பண்ணலையே. ‘இது நடந்தா அது நடக்கும்’னு சொல்றதுல முதல் பாதி பொய்யா போனா முழு வாக்கியமும் உண்மை. கணக்குல அப்படித்தான்.” “இவ்ளோ தெரிஞ்சுமா கோட்டை விட்டீங்க?” தேர்வில் அவன் தப்பாக விடை எழுதியது இதே விதியைப் பற்றிய கேள்விக்குத்தான். அவனுக்கு இப்போதுதான் புரிகிறது. வாசுகி மடித்த சீருடையைப் பிரித்து, அதை வைத்தே மேசையைத் துடைக்கிறாள்.