லெந்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு

மருதாணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஐசக்கு, கோட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து ஜெயபுஷ்பத்தின் கையில் வைத்தான். கலவைப் பக்கம் தோல் வாங்கப் போய் வந்த வண்டிப்புழுதி இன்னும் அவன் கோட்டில் இருந்தது. அவள் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள்.

ஜன்னலுக்குள்ளே நின்ற தேவகிருபைக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஆம்பூரில் மிஷன் பெண்கள் பள்ளிக்கு அவள்தான் பெரிய டீச்சர். ஜெயபுஷ்பம் போன ஜூனில் வந்து சேர்ந்த சின்னவள். இருவருக்கும் ஒரே அறை. வந்த எட்டே மாதத்தில் ஐசக்கோடு இவ்வளவு சிரிப்பு!

கலீமுல்லா சாயபு மண்டியில் தோல் தரம் பிரிக்கும் ஐசக்கை, தேவகிருபை மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தாள். தம்பி பி.ஏ. முடிக்க இன்னும் மூன்று வருஷம். அது முடிந்த கையோடு கலவையில் உபதேசியாராக இருக்கும் அப்பாவிடம் பேச்செடுப்பது, ஈஸ்டர் கழித்துக் கல்யாணம், பாலாற்றுப் பக்கம் வீடு, ஜன்னலுக்கு நீலத் திரை என்று எல்லாம் முடிவாகியிருந்தது. கேட்க வேண்டியவர்கள் இரண்டே பேர்தான் பாக்கி. ஒருவர் கர்த்தர், இன்னொருவர் ஐசக்கு.

"அக்கா!" ஜெயபுஷ்பம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஒரு உபகாரம். இதைச் சாயங்காலத்துக்குள்ள ஐயர் வீட்ல குடுத்துடுங்க. நாளைக்கே ஓலை வாசிக்கணும்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு போதகர் ஐயர் கோயிலில் ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்திலோ கல்யாணமே கிடையாது. லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் மிச்சமிருந்தது சரியாக மூன்றே ஞாயிறு.

"நீயே குடேன்."

"விடுதிப் பொண்ணு ஒண்ணுக்குக் காய்ச்சல். வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன், நாளைக்குத்தான் வருவேன். பொண்ணு வீட்டுக் கடுதாசிய மாப்பிள்ளையே தூக்கிக்கினு போனா நல்லாவா இருக்கும்? உங்க கையால போனாத்தான் அழகு."

"அப்படி இன்னா அவசரம்?"

"லெந்து ஆரம்பிச்சதும் சாயபு அவரைக் கான்பூர் தோல் கம்பெனிக்கு அனுப்பறாரு. மூணு வருஷமாம்! இப்ப விட்டா அவ்ளோதான்." உறையைத் திணித்துவிட்டு ஜெயபுஷ்பம் கண்ணைச் சிமிட்டினாள். "ஒட்டக்கூட இல்ல. வேணும்னா படிச்சுப் பாத்துட்டே குடுங்க."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, அது எவ்வளவு ஆழம் என்று பார்க்கவும் சொல்கிறாளே!

ஐயர் வீடு கூப்பிடு தூரம்தான். தேவகிருபை இரண்டு தரம் செருப்பை மாட்டினாள், இரண்டு தரமும் கழற்றினாள். நல்லது இன்னதென்று தெரிந்தும் செய்யாமல் விடுவது பாவம் என்று போன வாரம்தான் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது வேறு நெஞ்சில் நெருடியது.

ஆனால் மூன்று வருஷம்! ஐசக்கு கல்யாணமாகாமல் கான்பூர் போவான். அவன் திரும்பும்போது தம்பி பி.ஏ. முடித்திருப்பான். யாரோ அளந்து தைத்த ரவிக்கை மாதிரி எப்படிப் பொருந்துகிறது!

திங்கட்கிழமை கொடுத்தால் போயிற்று என்று உறையைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாள். பிரித்துப் பார்க்கவில்லை. அவர்கள் இருவர் பெயரையும் ஒரே காகிதத்தில் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

மறுநாள் ஆராதனையில் ஐயர் இரண்டு ஓலை வாசித்தார். இரண்டிலும் ஐசக்கின் பெயர் இல்லை. ஆண்கள் பக்கம் அவன் தலை மெல்லக் கவிழ்ந்தது. தேவகிருபை அன்றைக்குப் பாட்டை ஒரு கட்டை உயர்த்தியே பாடினாள்.

கோயில் விட்டு வெளியே வந்தபோது, ரயிலடியிலிருந்து வந்த ஜட்காவிலிருந்து ஜெயபுஷ்பம் குதித்து இறங்கினாள்.

"இன்னா அக்கா, வாசிச்சாங்களா?"

"ஐயையோ, குடுக்க மறந்தே போய்ட்டேன்டி! நாளைக்கு முதல் வேலையா குடுத்துடறேன்."

"நாளைக்கா?" ஜெயபுஷ்பத்தின் முகம் வெளுத்துவிட்டது.

பின்னாலேயே வந்த ஐசக்கு மெதுவாகச் சொன்னான். "விடுங்கம்மா. மறதியெல்லாம் இல்ல. பெரிய மனுஷங்க நாசூக்கா சொல்றாங்க, நமக்குத்தான் புரியணும்." தேவகிருபையைப் பார்த்துக் கை கூப்பினான். "தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. கல்யாணத்தை நம்பித்தான் பயணத்தைத் தள்ளிப் போட்டேன். இனிமே இன்னா, இன்னிக்கே கிளம்பிடறேன். பெட்டி பின்னால வரட்டும்."

அதே ஜட்காவில் ஏறி உட்கார்ந்தான். வண்டி ரயிலடிப் பக்கம் திரும்பிப் போயிற்று.

ஜெயபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பிடிக்கலைன்னா நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா!"

நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் தேவகிருபைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உன் கல்யாணத்துல எனக்கு இன்னாடி பிடிக்கிறதும் பிடிக்காததும்?"

ஜெயபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் கல்யாணமா? அது உங்க அப்பா எழுதிக் குடுத்த கடுதாசி, அக்கா!"