நீலக் கரண்டி

எதில்பெர்த்தோ நாக்கை நேராகத்தான் நீட்டினார். அது இடப்பக்கம் போய் நின்றது.

"நேத்தும் அங்கேயேதான் போச்சு," என்றாள் மனைவி நயீபே. "இருபது வருஷமா என் பேச்சைக் கேட்காத நாக்கு. இப்போ உன் பேச்சையும் கேட்கல, கிழவா."

சுவாச இயந்திரத்தின் குழாய் தொண்டையில் கிடந்த மூன்று வாரத்தில் இரண்டு நரம்புகள் நசுங்கிவிட்டன. ஒன்று நாக்குக்குப் போவது, ஒன்று குரலுக்கு. இயந்திரத்தை எடுத்தாயிற்று, கழுத்தில் துளை மட்டும் மிச்சம். அதை விரலால் அடைத்துப் பேசப் பார்த்தால் காற்றுதான் வருகிறது.

இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. சாயம் கலந்த ஒரு கரண்டி நீலத் தண்ணீர். விழுங்கிவிட்டால் வாய்வழிச் சாப்பாடு. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக் கழுத்துத் துளையில் நீலம் எட்டிப் பார்த்தால், நாளைக்கு வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய்.

ஏற்கெனவே இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டது.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே, பாரன்கீயா நகரத்தின் பத்து மணி வெயிலில், தினமும் வரும் குரல் வந்தது. "அவகாடோ... வெண்ணெயா கரையும் அவகாடோ..."

அவருடைய குரல்தான். மச்சான் வில்ஃப்ரிதோ அவருடைய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒலிபெருக்கியில் பழைய பதிவை ஓட விடுகிறான். முதலாளி படுக்கையில், குரல் வேலையில். பதினோரு நொடிப் பதிவு. எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் யூர்லெய்திஸ் கரண்டியை வாயில் சாய்த்தாள். "ஒரே மடக்கு, என் ராசா."

தண்ணீர் நாக்கின் மேல் குளமாக நின்றது. தொண்டை அசையவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே, 'வெண்ணெயா' என்ற இடத்தில் குரல் நின்றது.

மடக்.

யாரோ எதையோ விழுங்கிய சத்தம், தெரு முழுக்கக் கேட்டது. பிறகு குரல் ஒரு செருமு செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

யூர்லெய்திஸ் அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். காலி. கழுத்துத் துளையைத் துடைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நயீபே அழுதுகொண்டே அவர் நெற்றியில் முத்தமிட்டாள்.

அவர் விழுங்கவில்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

குரல் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது, அவர் ஒருநாளும் விற்காத மாம்பழத்தையும் சேர்த்துக் கூவிக்கொண்டு போனது.

நில் என்று கத்த வாயைத் திறந்தார்.

நீல நாக்கு இடப்பக்கம் போய் நின்றது. ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது.