தேறாத ஆய்வேடு

கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது.

"இப்படி எழுதிட்டு வந்தா நான் என்ன பண்றது அக்கா?"

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் நெறியாளர், அவர் மாணவி. வகுப்பில் வெறும் 'நீங்க', என் அறைக்குள் வந்தால் 'அக்கா'.

உலக அரசியலும் சமூகமும் என்பது இரண்டு வருட முதுகலைப் படிப்பு. அவரோடு சேர்ந்தவர்கள் முடித்துவிட்டு வேலைக்குப் போய், சிலர் அந்த வேலையையும் விட்டாகிவிட்டது. இவர் மட்டும் அதே ஆய்வேட்டோடு நான்காம் வருடத்தில் நிற்கிறார். ஏற்கெனவே இரண்டு தடவை தோல்வி. இது மூன்றாவது.

துறைத்தலைவர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தூண். கட்டடம் இருக்கும்வரை இருப்பாராம்.

நேற்று நடைவழியில் என்னை நிறுத்தி, "தூணை இந்த வருஷமாவது நகர்த்துங்கம்மா. உங்க வேலையை நிரந்தரம் பண்றப்போ இதையும்தான் பார்ப்பாங்க" என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வேட்டின் தலைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போர் முடிந்துவிட்டது என்று அறிவிப்பது யார், அதை நம்பி ஊர் திரும்புகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் பொருள்.

"என்னென்ன மாத்தணும்னு போன மாசமே சொன்னேன்ல? ஒண்ணுகூட மாத்தலையே."

"உக்காந்து பார்த்தேன் மேடம். கை வரமாட்டேங்குது."

விடிகாலையில் ஒரு விடுதியின் சலவை அறைக்குப் போய், மதியம்வரை படுக்கை விரிப்புகளை மடிக்கிற கை அது. அங்கிருந்து நேராக வகுப்புக்கு வருவார். வெளுப்புத்தூள் வாசனை அவருக்கு முன்னால் வந்து உட்காரும். பாதி வகுப்பில் கண் சொருகும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். திருத்த வேண்டிய தாள்கள் என் மேஜையிலும் மலையாகக் கிடந்தன. இரண்டு பேருமே ஓய்ந்துபோயிருந்தோம். இதில் யார் யாரைத் திட்டுவது?

ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கணினியை இருவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினேன்.

முதலில் போர்நிறுத்த ஒப்பந்தத்தை எடுத்தோம். அதன் தேதியைப் போர் தொடங்குவதற்கு முந்தைய வருடத்துக்குத் தள்ளினேன்.

அக்கா கல்லைக் கடித்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

வல்லரசுகளின் பலமே உலகத்தை நடத்துகிறது என்பவர்களின் வாதத்தைத் தூக்கி, சட்டமும் பேச்சுவார்த்தையும் போதும் என்பவர்களின் தலையில் கட்டினோம். பாதி மேற்கோள்களுக்கு ஆதாரத்தை அழித்தோம். முடிவுரையை வேறு யாரோ எழுதிய ஆய்வேட்டின் முடிவுரை போல ஆக்கினோம். அந்த வேலையை அக்காவே செய்தார். விஷயம் நன்றாகத் தெரிந்தவர்களால்தான் இவ்வளவு பாந்தமாகத் தப்புச் செய்ய முடியும். சும்மா உளறிவைத்தால் வெளித்தேர்வாளருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தோற்றால் இன்னொரு வருடத்துக்குப் பதிவு கிடைக்கும். பதிவு இருக்கிறவரை அவரும் அவர் மகளும் இந்த நாட்டில் இருக்கலாம். தேறினால் பட்டத்தைக் கையில் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் ஊர் போய்ச் சேரச் சொல்வார்கள். அங்கேதான் போர் முடிந்துவிட்டதே.

வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். அடுத்த வருடம் என்ன செய்வது என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. பேசத் தெம்பில்லை.

மாற்றிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து, பழைய தாள்கட்டோடு சேர்த்து ஒரு புரட்டு புரட்டினேன். இப்போதும் தேறிவிடும்.

காரணம், இந்தத் தடவை அவர் புதிதாகச் சேர்த்திருந்த எழுபத்து மூன்றாம் பக்கம். அறிவிப்பை நம்பி ஊர் திரும்பிய ஒரு மருந்தாளுநரைப் பற்றியது. பேருந்து நிலையத்தில் இறங்கியவரை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இந்த ஒரு பக்கத்தைப் படிக்கிற எந்தத் தேர்வாளரும் மற்ற எல்லாத் தப்புகளையும் மன்னித்துவிடுவார்.

அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கம் முழுக்க 'ஒருவர்', 'அந்த நபர்' என்றே எழுதிவிட்டு, ஓர் இடத்தில்கூட 'என் கணவர்' என்று எழுதாத மனுஷியிடம் எப்படிச் சொல்வது?

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே அந்தத் தாளை உருவி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எழுபத்திரண்டுக்கு அடுத்து எழுபத்துநாலு வருது மேடம். நம்பரை மாத்தணுமா?"

"வேண்டாம்க்கா. அதுக்கும் ரெண்டு மார்க் குறைப்பாங்க."