மடியில் வைத்த பை

தென்காசி ஓடுதளத்தில் ஷேர் ஆட்டோ மாதிரி ஷேர் விமானங்கள் நிற்கும். விமானி சொந்த வேலையாகப் போகிற ஊருக்கு மட்டும்தான் ஆள் ஏற்றலாம். செலவில் அவருக்கும் சம பங்கு. அன்று காலை விமானி செண்பகவல்லி கொச்சிக்குக் கிளம்பினார். கூட ஏறியவர் கப்பல் சமையல்காரர் திரவியம் ஒருவர்தான்.

“இந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கீழ வச்சிராதீங்க,” என்றார் செண்பகவல்லி.

மலைக்கு மேல் மேகம் மூடியிருந்தது. சுற்றிச் சுற்றி வழி தேடிப் பார்த்தவர், விமானத்தைத் திருப்பினார்.

“கப்பல் போயிரும்மா! இன்னும் ஒரு தடவை பாருங்க.”

“ஒங்களை வச்சுக்கிட்டு இதுக்குள்ள நுழைய மாட்டேன் அண்ணாச்சி.”

“ஒங்களுக்கென்ன, நாளைக்குக்கூடப் போய்க்கிடலாம்!”

செண்பகவல்லி தென்காசிக்கே திரும்பி வந்து பூப்போலத் தரையிறக்கினார். இறங்கியதும் மகளை ஃபோனில் கூப்பிட்டார்.

“யம்மா, மலையில மேகம், திரும்பிட்டேன். வலி எப்படி இருக்கு? மாப்பிள்ளை கையக் கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

திரவியம் பைக்குள் பார்த்தார். பிறக்கிற பிள்ளையைப் பொதிந்து வாங்க, துவைத்து மடித்த பழைய வேட்டி.

“மேகம் கலையட்டும் தாயி,” என்றார். “பை எங்கிட்டயே இருக்கட்டும்.”