மூச்சு வாங்கும் சால்மன்

சூரியன் ஏரிக்குள் இறங்குகிறது. படகோரத்தில் மண்டியிட்டு, வழிகாட்டி லோர்னா ஒரு சால்மன் மீனின் வாலைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருக்கிறாள். மீன் சாய்கிறது. நிமிர்த்துகிறாள். மறுபடி சாய்கிறது. "ரொம்ப நேரம் இழுத்து விளையாடிட்டீங்க, ஹார்லன். அதுக்கு மூச்சே இல்ல." "எனக்கு மட்டும் இருக்கா?" என்கிறார் கிழவர். தூண்டில் கோலைத் தாங்கிய தோள் தொங்குகிறது. வாரம் முழுக்கத் தூண்டிலில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி வீசி, கடைசி மாலையில் அகப்பட்டது இது ஒன்றுதான். செல்போனை எடுக்கிறார். "ஒரே ஒரு போட்டோ. இல்லேன்னா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்." "வெளியே தூக்கினா செத்துடும்." செவுள் ஒருமுறை திறக்கிறது, மூடவில்லை. ஹார்லன் போனைப் பார்க்கிறார், மீனைப் பார்க்கிறார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சட்டைக் கையோடு தண்ணீரில் கையை விட்டு அதன் வயிற்றைத் தாங்குகிறார். குளிர் எலும்பைக் கடிக்கிறது. எங்கோ ஒரு நீர்ப்பறவை நீளமாக ஓலமிடுகிறது. செவுள் மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது. சட்டென்று ஓர் உதறல்; மீன் ஆழத்துக்குள் போய்விடுகிறது. லோர்னாவின் முகமெல்லாம் தண்ணீர். கரையிலுள்ள விடுதியின் படித்துறையிலிருந்து சமையல்காரி மேவிஸ் கத்துகிறாள்: "என்ன ஹார்லன், இன்னைக்கும் வெறுங்கைதானா?" லோர்னா வாயைத் திறக்கிறாள். அவர் வேண்டாமென்று தலையசைக்கிறார். "வெறுங்கைதான் தாயே! சூப்பைச் சூடு பண்ணு." கையை மட்டும் அவர் இன்னும் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.