ராசிங்காபுரம் பஸ்சு

"எங்க ஊரு ராசிங்காபுரத்துக்குக் காலையில ஒரு பஸ்சு விடுங்கண்ணே."

முதலாளியிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஷெட்டில் எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். கற்பகம் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கேட்டாள்.

மினி பஸ் முதலாளி லிங்கேஸ்வரன் சிரித்துவிட்டார். "ஏறுறதுக்கு ஆளு ஏது ஆத்தா? அங்க வீட்டுக்கு ரெண்டு பைக்கு நிக்குது."

"பஸ்சு இருந்தா ஏன் வாங்கப்போறாங்க? ஆளுக்கொரு வண்டியில போடி டவுனுக்கு வந்து புகையக் கக்குறோம். வெக்கை ஏறி மலையில ஏலப்பூ கருகுது. தோட்டத்துல வேலையில்லாம எங்கம்மா வீட்டுல உக்காந்திருக்கு."

"புகைக்குத்தான் ஷெட்டைச் சுத்தி மரக்கன்னு நட்டிருக்கேனே!"

கற்பகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கன்னு மரமாகுற வரைக்கும் புகை காத்துக்கிட்டு இருக்குமா? ஒரு பஸ்சு போனா முப்பது பைக்கு வீட்டுலயே நிக்கும்."

"படிச்ச புள்ள, நல்லாத்தான் பேசுற. அந்தக் குண்டுங்குழியுமான ரோட்டுக்கு ஒரு டிரைவரும் போக மாட்டேங்குறான். நான் என்ன செய்ய?"

கற்பகம் ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்தாள்.

"ஏய், நேத்துத்தான் டிரைவரா வேலைக்குச் சேர்ந்திருக்க! மொதல்ல டவுனுக்குள்ள ஓட்டிப் பழகு."

"டவுனுக்குள்ள மட்டும் ஓட்டணும்னு என் லைசென்சுல போட்டிருக்காண்ணே?"

கேட்டுக்கொண்டே அவள் வெளியேறினாள். லிங்கேஸ்வரன் எழுந்து வாசலுக்கே ஓடிவந்தார்.

"டீசல் போட்டுட்டுப் போ ஆத்தா!"

அதற்குள் கற்பகம் காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி பஸ்சை நோக்கி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.