அணைந்த தரை

கதிரேசன் வாங்கிய புது வீட்டின் தரைக்கு ஒரு குணம் இருந்தது. அழுக்குப் பட்ட இடத்தில் அடியில் பதித்த விளக்கு நீலமாக எரியும், துடைத்தால் அணைந்துவிடும். அவன் மனைவி அமுதவல்லிக்கு முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு சமையல் பாதியில் நின்றது, வேலைக்குப் போவதும் நின்றது. தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெடித்தன. ரத்தம் சொட்டிய இடமும் நீலமாக எரிய, அதையும் துடைத்தாள். பள்ளியிலிருந்து வரும் மகள் தேன்மொழி, அம்மா கூப்பிடும்வரை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டாள்.

கதிரேசனுக்குக் கோபமெல்லாம் தரையின் மேல்தான். அமுதவல்லி ஒரு வேலையாக வங்கிக்குப் போன சமயம் பார்த்து, ஆளை வரவழைத்து அந்த ஒளியை நிறுத்திவிட்டான். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியாக மூச்சு விட்டான்.

திரும்பி வந்தவள் கூடத்தின் நடுவே திகைத்து நின்றாள். பிறகு வாளியை எடுத்துவந்து, மண்டியிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

“அமுதா, லைட்ட நிறுத்தியாச்சும்மா. பாரு, எங்கயும் எரியல.”

“அதாங்க பயமா இருக்கு,” என்றாள் அவள் நிமிராமல். “முன்னாடி அணைஞ்சா விட்டுடுவேன். இப்ப எப்ப விடுறதுன்னே தெரியலியே. நீங்களாவது போதும்னு சொல்லுங்க.”

கதிரேசன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான். “போதும்மா. சுத்தமா இருக்கு. போதும்.”

அவளும் சரியென்று தலையாட்டினாள். கை மட்டும் நிற்கவில்லை.